பின் போர்ஷன் காலி

“அதை மட்டும் வாயால கேக்கப்படாது ஜெயசித்ரா. ஊரைக் கேக்கலாம், தெருவைக் கேக்கலாம், குலசாமியக்கூடக் கேக்கலாம். அதுக்கு மேல நாமளா புரிஞ்சுக்கிட்டு, பதமா ஒரு காரணத்தச் சொல்லி அனுப்பிடணும். இந்த நகர்ல அதுதான் மரியாதை.”

கேட்டைப் பார்த்தபடியே சொன்னாள் அமிர்தவல்லி. பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அவள் கணவர் கட்டிவைத்துவிட்டுப் போன வீடு அது. முன்பகுதியில் அவள், மாடியில் ஆறு வருஷமாக ஜெயசித்ரா. பின் போர்ஷன் மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்தது. ஆளே வரவில்லை என்பதில்லை. வந்தவர்களில் ஒருவரும் அவள் கணக்கில் தேறவில்லை.

ஜெயசித்ராவைப்போல ஒரு குடித்தனக்காரி அமைவது அபூர்வம் என்பது அமிர்தவல்லியின் தீர்மானமான எண்ணம். தனியார் பள்ளியில் டீச்சர். கணவன் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவன். ஒன்றாம் தேதி வாடகை வந்துவிடும். சொந்தபந்தம் என்று ஒரு கூட்டம் இதுவரை மாடியேறியதில்லை. இன்றைக்கு வீடு பார்க்க வரும் ஆளும் அவள் சொல்லித்தான் வருகிறான். கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்திக்குத் தெரிந்தவனாம்.

கேட் திறந்தது. வந்தவனுக்கு இருபத்தாறு வயதிருக்கும். பெயர் இளவரசன், கலெக்டர் ஆபீசில் வேலை என்றான். அமிர்தவல்லி அவனை வராந்தா நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

“எத்தன பேரு தம்பி?”

“நானும் அம்மாவும்தாங்க. அம்மாவுக்குக் கிட்னி போயிடுச்சு. வாரத்துல மூணு நாள் இங்க ஆஸ்பத்திரியில டயாலிசிஸ். ஊர்லேருந்து ரெண்டு பஸ் மாறணும். திரும்பறப்ப உக்கார முடியாம பஸ் தரையிலயே படுத்துக்கிறாங்க. இனிமே இப்படி அலைய வெச்சா உடம்பு தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. பதினோரு வூடு பாத்துட்டேங்க.”

“அடப் பாவமே! இங்க எல்லா வசதியும் இருக்கு தம்பி. மோட்டாரப் போட்டா மட்டும் நிறுத்தத் தெரியணும். முன்ன இருந்தவன் போட்டுட்டுத் திருச்சிக்குப் போயிட்டான், தெருவே குளிச்சுது.” சிரித்துவிட்டுக் குரலைச் சற்று இறக்கினாள். “சொந்த ஊரு?”

“ஜெயங்கொண்டம் பக்கங்க.”

ஜெயசித்ரா முந்திக்கொண்டாள். “ஜெயங்கொண்டம் டவுன்தானே சார்?”

“இல்லீங்க மேடம். உள்ள தள்ளி ஒரு கிராமம்.”

“கிராமம்னாலும் மெயின் ரோட்டு மேலயே வீடு, அப்படித்தானே?”

அமிர்தவல்லிக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்துப் பழக்கம், எவ்வளவு லாகவமாகக் கொக்கி போடுகிறாள்!

இளவரசன் ஜெயசித்ராவை ஒரு கணம் நேராகப் பார்த்தான். “ரோட்டத் தாண்டி அந்தாண்டங்க மேடம்.”

“பெருமாள் கோயில் தெருன்னுல்ல அந்த டீச்சர் சொன்னாங்க?” என்று அவசரமாக எடுத்துக்கொடுத்தாள் ஜெயசித்ரா.

“தப்பாச் சொல்லியிருப்பாங்க. காலனித் தெருங்க. பொறந்ததுலேருந்து அங்கதான்.”

அமிர்தவல்லியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது; கண்கள் மட்டும் அதிலிருந்து கழன்றுகொண்டன.

“அடடா, என் மறதியப் பாரு! சிறுவாச்சூர்ல என் கொழுந்தன் மகளுக்குன்னு இந்த வூட்டச் சொல்லி வெச்சிருந்தேன். பால் காய்ச்ச நாள்கூடக் குறிச்சாச்சு. தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி.”

“பரவால்லீங்க. பழகிப்போச்சு.” அவன் எழுந்துகொண்டான். “இதோட பன்னண்டு.”

“அக்கா, அந்தம்மா முடியாதவங்க. ஒரு ரெண்டு மாசத்துக்காவது...” என்று இழுத்தாள் ஜெயசித்ரா.

“நீ சும்மா இரு டீச்சர்” என்று பல்லைக் கடித்தாள் அமிர்தவல்லி.

அவன் கேட்டின் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருக்கையிலேயே அவளுக்குப் பொறுக்கவில்லை.

“பாத்தியா? வாயத் தொறந்து கேட்டோமா? தானா வந்துருச்சு. நல்லவேள நீ இருந்தே. எனக்கு இவ்வளவு நறுவிசாக் கேக்க வராது. அந்த நாற்காலியக் குழாயடிக்குக் கொண்டுபோயி ரெண்டு வாளி தண்ணி ஊத்தி அலம்பிரு. நாளைக்கு வெள்ளிக்கெழம.”

ஜெயசித்ரா நாற்காலியின் அருகே போனாள். அதைத் தூக்கவில்லை. அதில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தபடியே, எதிர்வீட்டார் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் குரலெடுத்துக் கூப்பிட்டாள்.

“டேய் இளவரசா, நில்லுடா!”

பிறகு அமிர்தவல்லியின் பக்கம் திரும்பினாள்.

“அவன் என் கூடப்பொறந்த தம்பி. அவன் சொன்ன அம்மா என்னையும் பெத்தவங்க. ஆறு வருசமா நீங்களும் கேக்கல, நானும் சொல்லலக்கா. நாங்க பறையருங்க.”