ஓங்கிய கை
மஞ்சள் விளக்கில் நகைச்சுவை நாடகத்தில் முதலாளியாக நடிக்கும் கதாநாயகன் கையை ஓங்குகிறான். வேலைக்காரனாக நடிப்பவருக்கு நேற்று வாங்கிய அறை பவுடருக்கு அடியில் இன்னும் எரிகிறது. ஒத்திகையில் பேசி வைத்தது, அவன் அடிப்பதுபோல் வீச வேண்டும், இவர் கையைத் தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டும் என்றுதான். நேற்று நிஜமாகவே அறைந்துவிட்டு, "ஜனங்க சிரிக்குதுல்ல, விடுங்கண்ணே" என்றான் அந்தக் கதாநாயகன். இன்று அவர் கை தட்டவில்லை. இறங்கி வரும் மணிக்கட்டை எட்டிப் பிடிக்கிறார். அவன் உதறப் பார்க்கிறான்; மேஜைமேல் காலிக் கோப்பைகள் கிணுகிணுக்கின்றன. "இனி என் மேல கை பட்டுச்சு, வேஷம் கட்டியிருக்கேன்னுகூடப் பாக்கமாட்டேன்" என்கிறார், பல்லைக் கடித்தபடி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. முதலாளி மனைவியாக வருபவள் வசனத்தை மறந்து நிற்கிறாள். அவன் முகம் வெளுக்கிறது. அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது, ஒன்ஸ்மோர் கேட்கிறது.