ராணியின் இடது கை

ராணி சறுக்கி விழுந்தாள். கிரீடம் உருண்டுபோய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் அடியில் நின்றது.

அவள் எதிரே, எதிரிப் படையில் மிச்சமிருந்த ஒரே வீரன். கையில் ஸ்பாஞ்சு வாள். தலையில், கண்ணுக்கு மட்டும் இடம் விட்ட தகரக் கவசம்.

அந்தக் கவசத்துக்குள் வியர்த்து விறுவிறுத்து நின்றது ராணியைப் பெற்ற அம்மா.

ஊசியம்மா என்றால் வட்டாரத்துக்கே தெரியும். ரத்தப் பரிசோதனை லேபில் காலையிலிருந்து மாலை வரை ஊரார் கையில் ஊசி குத்துகிறவள்.

அவள் போரில் ஜெயிக்க வரவில்லை. மகள் அவளோடு பேசி மாதக்கணக்காகிறது. “கழுதை வயசாச்சு, இன்னும் அட்டைக் கிரீடம் வெச்சுக்கிட்டு ஆடிட்டு இருக்கே” என்று ஒருநாள் அம்மா வாயை விட்டாள். துணிமணியோடு கிரீடத்தையும் எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனவள்தான். அம்மாவின் பெயரைப் பார்த்தால் போனை எடுப்பதில்லை.

சரி, பேசத்தான் மாட்டாள், பார்க்கவுமா கூடாது? யாருக்கும் சொல்லாமல், முகம் தெரியாத வீரனாக ஆட்டத்தில் சேர்ந்துவிட்டாள். சீட்டுக் குலுக்கியதில் எதிரிப் படை விழுந்தது. தலையெழுத்து, வேறென்ன!

ராஜா ராணி வேஷம் கட்டிப் போர் விளையாடுகிற கூட்டம் வாடகைக்கு எடுத்த பழைய குடோன். அட்டைப்பெட்டிகளால் கோட்டை. மணி அடித்துவிட்டால் எல்லோரும் செந்தமிழில்தான் பேச வேண்டும். வாய் தவறி வீட்டுத் தமிழ் வந்தால் அவர் போட்ட வெட்டு செல்லாது, ஆளும் செத்தவர். அடுத்த மணி வரை பேச்சு மூச்சில்லாமல் தரையில் கிடக்க வேண்டும்.

ஊசியம்மாவுக்குச் செந்தமிழ் வராது. குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம் வேறு. மகளைப் பார்த்தபடி சுவரோரமாகவே நின்றதில் கடைசி ஆளாக மிஞ்சிவிட்டாள்.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கவசத்துக்குள் யார் தலை எண்ணெயோ நாறியது. ஒரு தளபதி அவள் கால் சுண்டுவிரலை நிஜமாகவே மிதித்துவிட்டு, செந்தமிழில் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினார்.

ஆனால் வெட்டுப்பட்டவர்களைப் பார்த்தாள். யாரும் கேட்காமலே “வீழ்ந்தேன்” என்று சொல்லித் தானாகச் சாய்ந்தார்கள். இல்லையென்று மழுப்பினால் கேட்பாரில்லை. ஆனாலும் ஒருத்தர்கூட மழுப்பவில்லை. அடேயப்பா! லேபுக்கு வருகிறவர்கள் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்து வெறும் வயிறு என்று சாதிப்பார்கள்.

அப்புறம் அவள் மகள். கடையில் அழுகின தக்காளியைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிவரும் பெண். இங்கே அவள் கையை உயர்த்தினால் மொத்தப் படையும் நின்றது. பயந்து ஒளிந்த ஒரு சின்ன வீரனைத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டு, அவனுக்கும் சேர்த்துச் சண்டை போட்டாள்.

இவளையா அப்படிச் சொன்னோம்?

இப்போது அந்த ராணி தரையில் கிடக்கிறாள். செத்துக் கிடந்தவர்கள்கூட ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

“தயங்காதே வீரனே. முகம் காட்டாதவன் கையால் வீழ்வதும் எனக்கு இழுக்கல்ல” என்றாள் ராணி.

இடது கையை நீட்டினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

ஊசியம்மா குனிந்து வாள் நுனியை அந்தக் கையில் வைத்தாள். இத்தனை வருஷமாக ஒவ்வொரு கைக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகத் திறந்துகொண்டது.

“ஒண்ணுமில்ல கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்.”

குடோன் ஒரு கணம் விழித்தது. பிறகு கொல்லென்று சிரித்தது. நடுவர் விசில் ஊதினார். வெட்டு செல்லாது, வீரன் செத்தான். ராணி எழுந்து “போர் முடிந்தது” என்று ஒரு வார்த்தை சொன்னால் வெற்றி அவளுக்கு.

போச்சு. அன்றைக்கும் இந்த வாய்தான், இன்றைக்கும் இந்த வாய்தான். ஊசியம்மா கவசத்தைக் கழற்றிவிட்டு, விதிப்படி மகள் பக்கத்தில் படுத்தாள்.

யாரோ கிரீடத்தைத் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினார்கள். ராணி அதை வாங்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

“எறும்புன்னு பொய் சொல்லாதம்மா. ரொம்ப வலிச்சுது.”

விசில் மறுபடி அலறியது. ராணியும் செத்தாள். ஜெயித்தவர் யாருமில்லாத போராகிவிட்டது. அவளுடைய படை தலையில் கை வைத்துக்கொண்டது.

அடுத்த மணி வரை செத்தவர்கள் பேசக் கூடாது. சொல்ல ஆயிரம் இருந்தும் ஊசியம்மா வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

மகள் நீட்டிய இடது கை நீட்டியபடியே இருந்தது.

ராணி உடுப்புக்கு நீளக் கை. அது முழங்கைக்கு மேலே சுருட்டிவிடப்பட்டிருந்தது. உள்பக்கம் மேலே பார்க்க, கட்டை விரலை உள்ளே வைத்து முஷ்டி இறுக மடங்கியிருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்து லேப் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அப்படித்தான் மடக்கிக்கொள்வாள்.

வாளுக்கு யாரும் அப்படிக் கை நீட்டுவதில்லை. அம்மா வாய் திறக்கும் முன்பே அது மடங்கித்தான் இருந்தது.

ஊசியை எடுத்ததும் கையைத் திறக்கச் சொல்ல வேண்டும். செத்தவள் எப்படிச் சொல்வது? ஊசியம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தானே விரித்துவிட்டாள்.