காலி சீட்டின் பிரேக்

பயிற்சிப் பள்ளி காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. லைசென்ஸ் தேர்வில் அது அமுங்கினால் ஃபெயில்; அதுதான் சட்டம். அதிகாரி பின்சீட்டில்தான் உட்காருவார். ஆனாலும் அம்மாவுக்கு மூன்று முறையும் அந்தக் காலி சீட்டு பிரேக் தானாக அமுங்கியது. நான்காவதும் போனால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

உயிரோடு இருந்தவரை அப்பா, யார் கார் ஓட்டினாலும் பயந்து தரையை மிதித்துக்கொண்டே வருவார்.

இம்முறை அந்த சீட்டை நான் பளபளவென்று துடைத்ததும், அம்மா அதைப் பார்த்து அதட்டினாள். "இங்க பாருங்க, இன்னிக்கு மட்டும் காலைத் தூக்கி மேல வெச்சுக்கிட்டு சும்மா வாங்க."

பாஸ்! ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். சீட்டின் மேல் இரண்டு பெரிய செருப்புத் தடங்கள்.

"செருப்பைக் கழட்டணும்னு தோணுச்சா பாரு இந்த மனுஷனுக்கு!" என்றாள் அம்மா, தேர்ச்சிக் காகிதத்தால் விசிறிக்கொண்டே.