தரைக்கோடு

மேசைக்குப் பின்னால் மானேஜர் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் சங்கத் தலைவர் ஞானசிகாமணி. கதவருகே ஸ்டூலில், ஆலையில் கிரேன் ஓட்டும் சூசைமாணிக்கம். விசாரணையை எழுத நான் பீரோவை ஒட்டி உட்கார்ந்தேன். முந்தாநாள் சூசை கிரேனை நிறுத்தத் தவறியதில் இரும்புச் சுருள் மோதி ஒரு மெஷின் நொறுங்கியது. குடித்திருந்தாரென்று உறுதியானால் வேலை போய்விடும்.

"குடிக்கிறதே இல்லைங்க சார். நாள்பூரா மேலேருந்து குனிஞ்சு பாத்துப் பாத்துக் கழுத்துவலி. பெட்டிக்கடையில மாத்திரை வாங்கிப் போட்டேன். தலை கிர்ருன்னு சுத்திருச்சு."

"வலி மாத்திரைக்குத் தலை சுத்துமாய்யா? என் மாமியார் மிட்டாய் மாதிரி திங்கறாங்க" என்றார் மானேஜர். சங்கத் தலைவரும் சிரித்துவிட்டார்.

சூசை சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டைத் துண்டை எடுத்து நீட்டினார். கடைக்காரர் கத்தரித்துக் கொடுத்ததில் பெயர் போயிருந்தது. இரண்டு குழிகளும் காலி.

"இதை எப்பப் போட்டே?" என்றார் மானேஜர்.

"ஒண்ணு அன்னிக்கு. இன்னொண்ணு இன்னிக்குக் காலையிலங்க. வலியோட இங்க உட்கார முடியாதுன்னு."

"சரி, இந்தக் கோட்டு மேல நட பாப்போம்."

தரைக்கற்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு ஓடியது. நாலாவது அடியில் சூசையின் கை சுவரைத் தேடியது.

"எழுதிக்குங்க" என்றார் மானேஜர்.

'நேராக நடக்க இயலவில்லை' என்று எழுதினேன். அதில் பொய் ஏதுமில்லை; காலையில் போட்ட மாத்திரை மட்டும் அதில் இல்லை. மானேஜரும் தலைவரும் நானும் கையெழுத்திட்டோம். உறையை ஒட்டி, அரக்கு வைத்து, தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் சேர்த்தேன். திரும்பி வந்தபோது சூசை இன்னும் அந்தக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தார்.