பச்சைக் குடை

லாட்ஜின் வெப்சைட்டைத் திருத்துவது எப்படி என்று, அதை அமைத்துக்கொடுத்த வில்ஃப்ரெட் ரிசப்ஷனிஸ்ட் தமயந்திக்குச் செல்லில் சொல்லிக்கொடுத்தார். "சும்மா ஏதாவது அடிச்சு, அப்டேட்டை அமுக்குங்க மேடம். அப்புறம் அழிச்சுக்கலாம்."

மனதில் தோன்றியதை அடித்தாள்: 'பச்சைக் குடை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது.' அமுக்கிய இரண்டாவது நிமிடம் லாட்ஜ் ஃபோன் அலறியது.

"அது என் குடைதாங்க," என்றாள் ஒரு பெண். "உள்ளே சுருட்டி வெச்ச லெட்டரைப் படிச்சீங்களா?"

"ஐயோ, இல்லீங்க..."

"நல்லவேளை. இதோ கிளம்பிட்டேன். வேற யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க, உங்க கால்ல விழறேன்."

உண்மையைச் சொல்வதற்குள் அந்தப் பெண் வைத்துவிட்டாள். தமயந்தி அவசரமாக வரியை அழித்தாள். மறுபடியும் ஃபோன். இந்த முறை ஓர் ஆண்.

"அந்தப் பச்சைக் குடை..."

"அப்படி ஒரு குடையே இங்க இல்லீங்க."

"அப்படிச் சொல்லச் சொன்னது அவளா?" என்று நிதானமாகக் கேட்டது அந்தக் குரல்.