நாலாவது பிளேயர்

“இதுலயும் மேல் சத்தம் செத்துப்போயிருக்கு” என்று கண்ணைத் திறந்தார் பியானோக்காரர்.

கடைக்காரர் இரண்டாவது சிடி பிளேயரிலிருந்து வட்டை எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பொட்டுக் கீறல் இல்லை. பிளேயரையும் போன வாரம்தான் பிரித்துச் சுத்தம் செய்திருந்தார்.

“ஆமாங்க, மங்கலாத்தான் இருக்கு” என்றாள் பியானோக்காரரின் மனைவி, யாரும் கேட்காமலே.

கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மூன்றாவதை இறக்குவதற்கு ஏணியை இழுத்தார்.

பியானோக்காரர் என்றால் வாசிப்பவர் அல்ல, சுருதி சேர்ப்பவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதுதான் பிழைப்பு. பாட்டுப் பள்ளிகள், பணக்கார வீடுகள், ஊரின் பெரிய அரங்கம் என்று எங்கே பியானோ பிசகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு வரும் ஃபோன்களை எடுத்து நாள் குறித்துக் கொடுப்பவள் மனைவி.

அவர் கையோடு கொண்டுவந்திருந்த அந்த வட்டில் இருந்தது அரங்கத்தில் நடந்த ஒரு கச்சேரி. அன்றைய பியானோவுக்குச் சுருதி சேர்த்தவர் இவர்தான். முடிகிற இடத்தில் வாசிப்பவரின் வலது கை மேலே மேலே ஏறிப்போய், கடைசிக் கட்டைகளைத் தொட்டுவிட்டு நிற்கும். தரையில் குண்டூசி கொட்டியதுபோல ஒரு சத்தம். அது வரும்போது பியானோக்காரர் தன்னை மறந்து சிரிப்பார்.

சில மாதங்களாக அந்தச் சிரிப்பு இல்லை.

முதலில் வீட்டுப் பிளேயரின் ஒயரை மாற்றினார். பிறகு ஸ்பீக்கர்களை மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்தார். கடைசியில் பிளேயரின் லென்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டினார்.

சத்தம் மங்கலாக இல்லையா என்று முதல் தடவை அவர் அவளிடம் கேட்டபோதே, “நல்லாத்தானே கேக்குது” என்று அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தாள். வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினாள்.

அதன் பிறகு பாட்டுப் பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. அவர் சேர்த்துவிட்டுப் போன பியானோவில் மேல் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லையாம். ஏதோ அசதி, மன்னித்துவிடுங்கள் என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கெஞ்சினாள். இன்னொரு வீட்டிலிருந்தும் அதே புகார். அதற்கும் கெஞ்சினாள். அவரிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த வாரம் அரங்கத்துப் பியானோ.

பிளேயர் கெட்டது என்று அவர் நம்புகிறவரை அவர் காது நல்ல காது. அதனால் எல்லாக் கடையிலும் எல்லாப் பிளேயரும் கெட்டதாகவே இருந்தாக வேண்டும். அப்படித்தான் ஒவ்வொரு கடையாகப் படியேறி இறங்கினார்கள். பழைய ஹை-ஃபை சாமான் விற்கிற கடை ஊரில் இதற்குமேல் இல்லை.

மூன்றாவது பிளேயர் பாடத் தொடங்கியது.

அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசிப்பவரின் கை ஏறியது. இன்னும் ஏறியது. குண்டூசிகள் கொட்டின. இவ்வளவு துல்லியமாக அவள் வீட்டில்கூடக் கேட்டதில்லை. அவளை அறியாமல் இமை துடித்தது.

“இதுவும் சரியில்லைங்க” என்று அவசரமாகத் தலையை நிமிர்த்தினாள்.

பியானோக்காரர் இந்தத் தடவை கண்ணை மூடியிருக்கவில்லை. ஸ்பீக்கர் பக்கமும் திரும்பியிருக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு. இதுக்கு மேல என்கிட்ட இல்ல” என்றார் கடைக்காரர். கண்ணாடி அலமாரியிலிருந்து நாலாவதைத் தூக்கி வந்து வைத்து ஒயர்களைச் சொருகினார். தட்டு வட்டை விழுங்கிக்கொண்டு உள்ளே போனது. சின்னத் திரையில் பச்சை எழுத்து எரிந்தது. கடைக்காரரின் விரல் பொத்தானுக்குப் போனது.

இதற்கு என்ன சொல்வது? இதையும் கெட்டது என்று சொல்லிவிட்டால் அப்புறம் எங்கே போவது?

“போதும் தம்பி” என்று பியானோக்காரர் கையைக் காட்டினார். “இது நல்லா இருக்கு. இதையே கட்டிக் குடுங்க.”

“சார், நான் இன்னும் போடவே இல்லியே!”

பியானோக்காரர் மனைவியின் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

“உனக்கு எப்படிம்மா கேக்குது?”

ஸ்பீக்கர்கள் இரண்டும் சும்மா நின்றன. கடைக்குக் கீழே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

“நல்லா கேக்குதுங்க” என்றாள். குரல் பாதியில் உடைந்தது. “கடைசிக் கட்டை வரைக்கும்.”

அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

“அப்ப வாங்கிக்கலாம். வீட்டுல ஒருத்தருக்குக் கேட்டாப் போதும்.”

கடைக்காரர் ஒன்றும் புரியாமல் அட்டைப் பெட்டியை எடுக்க உள்ளே போனார். அவர் போகும்வரை காத்திருந்துவிட்டு, பியானோக்காரர் அவள் கைமேல் கையை வைத்தார்.

“அரங்கத்துக்கு நீயே ஃபோன் பண்ணிடு. வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லு” என்றார். “என் வாயால எனக்குச் சொல்ல வராது.”