அத்தனை விரலும்

எஞ்சின் நின்றுபோன சிலுவைதாசனின் வள்ளத்தை நீரோட்டம் மூடிய கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மீன் பெருகட்டும் என்று சங்கம் பூட்டிவைத்த பகுதி அது. உறுப்பினர்கள் அத்தனை பேரும் அவரவர் வீட்டுக் கருவியில் விரல் வைத்துச் சம்மதித்தால்தான் அங்கே போக எந்தப் படகும் கிளம்பும்.

அவன் மனைவி ஜெசிந்தா செருப்புகூடப் போடாமல் வீடுவீடாக ஓடினாள். வலைத் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத மிக்கேல்கூடச் சோற்றுக் கையைத் துடைத்துவிட்டு விரல் வைத்தார். கரைக்கு ஓடிவந்தாள். மீட்கப் போகும் படகு இன்னும் கிளம்பவில்லை.

"யாருண்ணே இன்னும் வைக்கல?"

சங்கச் செயலாளர் கையிலிருந்த கருவியின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கண்ணே, கால்ல விழுந்தாவது வைக்கச் சொல்லுதேன்!"

"ஒம் புருசந்தாம்மா."